மாராயி பேரில் ஆறு வருஷம்

என் அம்மா மாராயி ஆறு வருஷம் நோயாளியாக இருந்தாள். என்ன நோய் என்று எங்கள் மலையின் அரியூர் நாட்டில் யாருக்கும் சரியாகத் தெரியாது. பெண்களுக்கு வருகிற ஏதோ ஒன்று என்று பேசிக்கொண்டார்கள். மாதம் ஒருமுறை காலை பஸ்ஸில் மலைப்பாதையின் எழுபது வளைவும் இறங்கி, காளப்பநாயக்கன்பட்டியில் டாக்டர் மேனகாவைப் பார்த்துவிட்டு மாத்திரையோடு திரும்புவாள். ஒரு மூட்டை குச்சிக்கிழங்கைத் தலையில் வைத்துக்கொண்டு மேடு ஏறுகிறவள், எதிரே ஆள் வந்தால் மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அம்மாடி" என்பாள். அந்த நடிப்பைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும். அந்த மாத்திரைகள் எனக்கானவை.

என் பேர் தேன்மொழி. ஆண்பிள்ளை என்று நினைத்து முதலில் வைத்த பேர் ஒன்று உண்டு. அதை இங்கே எழுதப்போவதில்லை. அதன் வேலை முடிந்துவிட்டது. 2003-ல், பத்தொன்பது வயதில், கோயம்புத்தூரில் விவசாயப் படிப்பு படித்துக்கொண்டிருந்தேன். உடம்பு பெண்ணாக மாறும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கருத்தடை மாத்திரைகளைக் கணக்கில்லாமல் விழுங்கி, கால் வீங்கி வீட்டுக்கு வந்து படுத்தேன். அப்பா இல்லாத வீடு. அம்மாதான் என்னை டாக்டர் மேனகாவிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

திட்டுவார் என்று பயந்தேன். அவர் என் கதை முழுவதையும் கேட்டார். வீக்கத்துக்கு மருந்து கொடுத்தார். சென்னையில் இருக்கும் தன் சிநேகிதி டாக்டரிடம் போனில் பேசினார், ரத்தம் எடுத்துப் பார்த்தார். அடுத்த மாதம் முறையான அளவில் ஹார்மோன் மாத்திரை எழுத உட்கார்ந்தார். "பேர்?" என்று கேட்டபோதுதான் மூவரும் விழித்தோம். ஆண் பேரில் அந்தச் சீட்டு போனால், பஸ் ஸ்டாண்டு மருந்துக்கடையிலிருந்து அன்று மாலையே செய்தி மலையேறிவிடும்.

"எம் பேரையே எழுதுங்கம்மா," என்றாள் அம்மா. "எங்க மலையில அப்படித்தானுங்க. யாரு பஸ் ஏறி வாராங்களோ அவங்க பேருதான் சீட்டுக்கு. மருந்து எந்த ஊட்டுக்குப் போனா என்னங்க?"

பொய்யில்லை. ஒரு ஆள் கீழே இறங்கினால் நாலு வீட்டுக் காய்ச்சலையும் தன் பேரில் சொல்லி மருந்து வாங்கிவருவது எங்கள் வழக்கம். டாக்டர் தயங்கினார், என் காலைப் பார்த்தார், எழுதிவிட்டார்: மாராயி, வயது 46, பெண். அதற்குப் பிறகு ரத்தம் என்னுடையது, ரிப்போர்ட்டில் பேர் அம்மாவுடையது. கொஞ்சம் கொஞ்சமாக என் உடம்பு எனக்குச் சொந்தமானது.

2009-ல் சாமை, தினை ஆராய்ச்சிக்கு இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் உதவித்தொகையோடு இடம் கொடுத்தது. அதற்குள் நான் படிப்பை முடித்து, சேலை கட்டி, அரசிதழில் பேரை மாற்றி, பாஸ்போர்ட்டிலும் தேன்மொழியாகியிருந்தேன். ஊர் பேசத்தான் செய்தது. பேசட்டும். என் காதில் ஜிமிக்கி இருந்தது, வேறெதற்கும் அங்கே இடமில்லை.

பல்கலைக்கழக மருத்துவமனை என் மருத்துவ ஆவணங்களைக் கேட்டது. நாமக்கல் போய், பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, ஆறு வருஷத்துச் சீட்டுகளையும் ரிப்போர்ட்டுகளையும் ஒன்று விடாமல் ஸ்கேன் செய்து பெருமையாக அனுப்பிவைத்தேன். நாலாம் நாள் பதில் வந்தது. "நீங்கள் அனுப்பியவை மாராயி என்ற ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணியின் ஆவணங்கள். தயவுசெய்து உங்களுடையதை அனுப்பவும்."

சீமைக்குப் படிக்கப் போகிற புத்திசாலி செய்த காரியம் இது. மலை வழக்கம் என் ரத்தத்தில் எவ்வளவு ஊறியிருந்தது என்றால், சீட்டில் யார் பேர் இருக்கிறது என்று பார்க்கவே தோன்றவில்லை. பதிலில் மீதியும் இருந்தது. என் பேரில் டாக்டர் கடிதம் வந்தால் அங்கே சிகிச்சையை அப்படியே தொடர்வார்கள். வராவிட்டால் புது ஆளாக வரிசையில் நிற்க வேண்டும். இரண்டு வருஷம் ஆகலாம். அந்த இரண்டு வருஷமும் மாத்திரை கிடையாது. ஆறு வருஷம் ஏறிவந்த மலையை என் உடம்பு ஒவ்வொரு வளைவாகத் திரும்ப இறங்கும். அப்படியானால் நான் போகமாட்டேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். படிப்புக்காக என்னையே தொலைக்க என்னால் முடியாது.

அம்மாவோடு டாக்டர் மேனகாவிடம் ஓடினேன்.

"கடிதம் நான் தர்றேன், பேரை மாத்தி எழுதினது நான்தான்னும் சேர்த்து எழுதுறேன்," என்றார். "ஆனா அது மட்டும் போதாது. மருந்து எனக்கில்லை, இவளுக்குத்தான்னு மாராயி வாக்குமூலம் கொடுக்கணும். கிராம நிர்வாக அலுவலர் முத்திரையோட வேணும்."

"உங்களுக்கு ஏதாவது பிரச்சினை வருமா, மேடம்?"

"வந்தா பார்த்துக்கறேன். உன் காலைப் பார்த்த அன்னிக்கு அதையெல்லாம் யோசிக்கலை, இப்ப எதுக்கு?"

எங்கள் கிராம நிர்வாக அலுவலர் தனசேகரனுக்கு ஒரு பழக்கம். எந்த மனுவானாலும் வந்திருக்கிற கூட்டத்துக்குக் கேட்கும்படி உரக்கப் படித்துவிட்டுத்தான் முத்திரை குத்துவார். பின்னால் தகராறு வரக்கூடாதாம். அதாவது, அம்மா ஆறு வருஷம் இடுப்பைப் பிடித்து மறைத்ததெல்லாம் ஒரே மூச்சில் ஊர் நடுவே வந்துவிடும்.

அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மிளகைப் புடைத்தாள், மாட்டைக் கட்டினாள், என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வெட்கமா இருந்தா சொல்லிடும்மா, நான் போகலை," என்று கத்தினேன். அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"வெக்கமா? அட கூறுகெட்ட கண்ணு! இந்த ருக்குமணி ஆறு வருசமா மாசந்தவறாம எனக்குக் கெழங்கு சூப்பு வெச்சுக் கொடுத்தாளே, அவ மூஞ்சியில எப்படி முழிக்கறதுன்னு ரோசனை பண்ணிக்கிட்டு இருக்கறேன்."

ருக்குமணி அக்கா பக்கத்து வீடு. வலிக்கு நல்லதென்று முடவாட்டுக்கால் கிழங்கைப் பாறையிலிருந்து பெயர்த்து வந்து, மிளகு தட்டிப் போட்டுச் சூப் வைப்பார். அம்மாவுக்கு அந்த வாசமே ஆகாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு ஆறு வருஷமும் குடித்தாள்.

திங்கட்கிழமை, திருவிழாவுக்கு மட்டும் எடுக்கிற நோம்பிச் சேலையைக் கட்டிக்கொண்டு அம்மா கிளம்பினாள். அலுவலகத்தில் நல்ல கூட்டம். ருக்குமணி அக்காவும் பட்டா விஷயமாக வந்து நின்றார். தனசேகரன் எழுதி முடித்து உரக்கப் படிக்கத் தொடங்கினார்.

"மேற்படி மருந்துகள் எனக்கானவை அல்ல என்றும், அவை என்..." என்று நிறுத்தினார். "ரேஷன் கார்டுல மகன்னு இருக்குதே மாராயி. இதுல என்னன்னு போடறது?"

எல்லார் தலையும் எங்கள் பக்கம் திரும்பியது.

"ஏனுங்க சார், அந்தக் கார்டுல எனக்கு அறுபத்தஞ்சு வயசுன்னுகூடத்தான் போட்டிருக்குது. அதுக்காவ நான் கெழவியா? மவள்னு எழுதுங்க. எம் மவ தேன்மொழி. ஆறு வருசமா அவளுக்குத்தான் மாத்திரை வாங்கிட்டு வந்தேன். எனக்கு ஒரு சீக்கும் இல்ல. எங்க ஊருலருந்து சீமைக்குப் படிக்கப் போற மொதப் புள்ள எம் மவதானுங்க. சத்தமாப் படிங்க சார், வெளிய நிக்கறவங்களுக்கும் கேக்கட்டும்."

தனசேகரன் மகள் என்று எழுதினார். முதலிலிருந்து மறுபடி படித்தார், இந்த முறை இன்னும் உரக்க. கதவோரம் நின்ற ஊர்ப் பெரியவர் அப்பாசாமி காறித் துப்பிவிட்டு வெளியே போனார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர் போனார்கள். நான் தலை குனியவில்லை. அம்மா நிமிர்ந்து நிற்கும்போது நான் குனிந்தால் அது அவளுக்கு மரியாதையா?

ருக்குமணி அக்கா மெதுவாகக் கேட்டார். "அப்ப நான் கொடுத்த சூப்பு, மாராயி?"

"ஒரு சொட்டு விடாமக் குடிச்சேன் ருக்கு. அதாலதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் முட்டிவலி வரல."

தனசேகரனே சிரித்துவிட்டார். கூட்டமும் சிரித்தது. ருக்குமணி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என் எதிரே வந்து நின்று, என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். அடி விழும் என்றே நினைத்தேன்.

"சீமையில குளுரு கடுசா இருக்குமாமா, சாமி?" என்றார். "கெழங்கு காயவெச்சுத் தாரேன். எடுத்துட்டுப் போ. இந்தத் தடவையாச்சும் யாருக்கு வேணுமோ அவங்களே குடிங்க."

அம்மாவுக்குக் கையெழுத்து வராது. பெருவிரலை மையில் நன்றாக அழுத்தி, தாளில் பூவைப்போலப் பதிய வைத்தாள். தனசேகரன் அதன் பக்கத்தில் முத்திரை குத்தினார். அதைப் பார்த்தபடி அங்கேயே அழுதேன். இப்படி ஒருத்தி வயிற்றில் பிறந்தேன் என்ற பெருமை தாங்காமல் வந்த அழுகை அது.

டாக்டர் மேனகாவின் கடிதமும் அம்மாவின் வாக்குமூலமும் சேர்ந்து போயின. சிகிச்சை தொடரும் என்று பதில் வந்தது. மூன்று மாத மாத்திரையும் என் பேரில் புதுச் சீட்டும் கொண்டு செப்டம்பரில் விமானம் ஏறினேன். அங்கே என்னைப் பார்த்த டாக்டர் ஒரு வெள்ளைக்கார அம்மாள். எல்லாவற்றையும் படித்துவிட்டு அந்தப் பெருவிரல் ரேகையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது யார்?" என்றார். "என் அம்மா," என்றேன். அந்தக் கேள்விக்காகவே ஐயாயிரம் மைல் வந்ததுபோல இருந்தது.

கொண்டுபோனது தீர்ந்து முதல் புது டப்பாவை வாங்கிய அன்று ருக்குமணி அக்காவின் செல்போனுக்குக் கூப்பிட்டேன். அம்மாவிடம் கொடுத்தார்.

"மாத்திரை கொடுத்துட்டாங்களா கண்ணு?"

"கொடுத்துட்டாங்கம்மா."

"டப்பாமேல யாரு பேரு போட்டிருக்குது?"

"என் பேருதான். தேன்மொழின்னு."

அம்மா போனை வாயிலிருந்து விலக்கி, பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"ருக்கு, எனக்குச் சீக்கு நல்லாயிருச்சுடி."