சமத்துப் பரிசு

"குடுடி அதை!"

மகளின் உதடு வரைக்கும் போன டம்ளரை அம்மா பிடுங்கினாள். தண்ணீர் சீருடையில் சிந்தியது.

"ஒரே ஒரு வாய்ம்மா. தொண்டை காயுது."

"ஸ்கூல் விட்டு வந்து குடி. ஒரு குடமே குடி."

மகள் அழவில்லை. பழகிவிட்டது. முன்பெல்லாம் அம்மா பிடுங்கிய கையோடு சமையலறைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொள்வாள். இப்போது அதுவும் இல்லை. குனிந்து, பிறந்ததிலிருந்தே அசையாத மகளின் கால்களுக்குச் செருப்பை மாட்டிவிட்டு, சக்கர நாற்காலியில் தூக்கி உட்காரவைத்தாள்.

பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குப் படியேறித்தான் போக வேண்டும். நாற்காலி ஏறாது. ஆயாவுக்கு இடுப்பு வலி. சேர்க்கும்போதே தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார், "எங்களுக்குத் தொந்தரவு இல்லாம இருந்தா தாராளமா படிக்கட்டும்மா" என்று. போன இடத்திலெல்லாம் கையை விரித்த பிறகு கிடைத்த பள்ளிக்கூடம் அது. "எம் பொண்ணு இருக்கற இடமே தெரியாது டீச்சர்" என்று அம்மா வாக்குக் கொடுத்தாள். அந்த வாக்கைக் குழந்தையின் தொண்டையை வைத்துத்தான் காப்பாற்றி வந்தாள்.

மாதம் தவறாமல் காய்ச்சல் வந்தது. சிறுநீர் போகும்போது எரிகிறது என்று மகள் துடிப்பாள். "இந்த மாதிரிக் கொழந்தைங்கன்னா ஏதாவது வந்துக்கிட்டேதான் இருக்கும்" என்று அப்பா சொல்லிவிட்டு லாரியோடு போய்விடுவார். போன வாரம் டாக்டர்தான் கேட்டார்:

"பொண்ணு தண்ணி குடிக்கறாளா இல்லையா?"

அம்மா மகளின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள்.

"இப்படியே விட்டா கிட்னி போயிடும்மா."

தலையாட்டினாள். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டாள். மறுநாளும் டம்ளரைப் பிடுங்கினாள். வேறென்ன செய்வாள்? பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினால் வீடு. அம்மா தையல் கம்பெனிக்குப் போனபின் வீடென்பது வெளியே பூட்டிய கதவு.

அன்றைக்குப் பள்ளியில் ஆண்டு விழா. அம்மா அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு வந்திருந்தாள். தலைமை ஆசிரியை மைக்கைப் பிடித்தார்.

"இந்த வருஷத்துச் சமத்துக் குழந்தை யாரு தெரியுமா? ஒரு நாள்கூட 'டீச்சர், ஒன்னுக்கு'ன்னு கையைத் தூக்காத நம்ம சக்கர ராணிதான்!"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மேடைக்கும் படிதான், ஆகவே பரிசு கீழே இறங்கி வந்தது. மகள் காகிதத்தைப் பிரித்தாள். உள்ளே தோளில் மாட்டும் ரோஸ் நிறத் தண்ணீர்ப் புட்டி.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, இதுல தண்ணி ஊத்தலாமா?"

திருட்டுக்கு அனுமதி கேட்கிற குரலில் கேட்டாள். அம்மாவின் மரத்துப்போன நெஞ்சில் எங்கோ அது சுருக்கென்று குத்தியது. புட்டியை வாங்கிக்கொண்டு போய், சுவரோரக் குழாயில் நிரப்பிக் கொண்டுவந்தாள்.

"குடி."

மகள் நம்பவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"குடிடி கண்ணு. யாரும் பிடுங்க மாட்டாங்க."

மகள் மூச்சு விடாமல் குடித்தாள். கழுத்தெல்லாம் வழிந்தது.

"பாருங்க, பரிசு ரொம்பப் புடிச்சுப்போச்சு!" என்று தலைமை ஆசிரியை சிரித்தார்.

அம்மா அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். குரலில் கோபமில்லை, அழுகையுமில்லை.

"இன்னும் கொஞ்ச நேரத்துல அவளுக்கு வரும் டீச்சர். நாளைக்கும் குடிப்பா, நாளான்னைக்கும் குடிப்பா. யாரு தூக்கப்போறீங்கன்னு கேட்டுட்டுப் போலாம்னுதான் உக்காந்திருக்கேன்."

தலைமை ஆசிரியையின் சிரிப்பு பாதியில் நின்றது. மேடையில் அடுத்த பாட்டு ஆரம்பித்தது.

பாட்டு முடிவதற்குள் மகள் கையைத் தூக்கினாள்.