துராங்கோவிலிருந்து வந்த தேள்கள்

வாசல் காவலர் தொலைபேசியில் கூப்பிட்டபோது நொஎமி ஒரு கையால் தட்டச்சு செய்துகொண்டே இன்னொரு கையால் காலைச் சாப்பாட்டை முடித்துக்கொண்டிருந்தாள்.

"உன்னைத் தேடி ஒரு அம்மா வந்திருக்காங்க. கையில பாட்டில். உள்ள தேள், உசுரோட. விடவா, வேண்டாமா?"

"என்னையா? தேள் ஆராய்ச்சிக்காரங்களத் தேடி வந்திருப்பாங்க."

"உன் பேரு போட்ட பேப்பரத்தான் காட்டுறாங்க. சீக்கிரம் வா தாயே, எனக்குத் தேள்னாலே ஆகாது."

நொஎமி பல்கலைக்கழகத்தின் வாரப் பத்திரிகையில் அறிவியல் செய்தி எழுதுகிறவள். மெக்சிகோ நகரின் தெற்கே இருக்கும் அந்தப் பல்கலைக்கழகம் ஒரு ஊர் அளவுக்குப் பெரியது. ஒரு கட்டடத்தில் வௌவால் எச்சிலைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அடுத்ததில் சோளத்தில் வரும் பூஞ்சையை வளர்த்துக்கொண்டிருப்பார்கள், அதற்கும் அப்பால் யாரோ பூமிக்கடியில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். பல வருடங்களாக அவள் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தாள். கேட்பாள், எழுதுவாள், உடனே மறந்துவிடுவாள். மறந்தால்தான் அடுத்தது தலைக்குள் நுழையும். எழுதியதெல்லாம் பிறகு என்னவாயிற்று என்று சில சமயம் மனதுக்குள் ஒரு நமைச்சல் எடுக்கும். அதற்குள் அடுத்த வேலை வந்துவிடும்.

வாசலில் நின்ற பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். ஆண்கள் போடும் மேல்சட்டை அணிந்திருந்தாள். மூடியில் ஓட்டை போட்ட மயோனைஸ் பாட்டிலை மார்போடு அணைத்திருந்தாள்.

"நான் பிரிஸ்கா. வடக்கே துராங்கோவில இருந்து நேரா பஸ்ஸுல வர்றேன் கண்ணு. எங்க ஊர்ல எந்தக் கல்லைப் புரட்டினாலும் இதுதான். பத்தாதுன்னா இன்னும் கொண்டாறேன். எங்க வீட்டுக்காரருக்கு அந்த மருந்த மட்டும் குடுத்துடுங்க."

அவள் நீட்டிய தாளில் 'தேள் விஷம் காசநோயைத் தீர்க்கிறது' என்று பெரிய எழுத்தில் இருந்தது. கீழே நொஎமியின் பெயர். எலிகளுக்குக் கொடுத்ததில் கிருமி குறைந்தது என்றுதான் அவள் எழுதியிருந்தாள். தலைப்பு, பத்திரிகை ஆசிரியர் ரமீரோ வைத்தது. அச்சுக்குப் போகுமுன் அவளும் அதைப் பார்த்தாள். சண்டை போட நேரமில்லாமல் விட்டுவிட்டாள்.

"அது இன்னும் மருந்தா ஆகலீங்க, பிரிஸ்காம்மா."

"தீர்க்குதுன்னு போட்டிருக்கே. நீங்கதான எழுதினது?"

விஷத்தை ஆராய்கிற டாக்டர் பெனாவிதெஸ் வகுப்பில் இருந்தார். மத்தியானம்தான் வருவார் என்றார்கள். அதற்குள் ரமீரோ போனில் பிடித்துக்கொண்டார். "எரிமலைக்காரங்க காத்துக்கிட்டிருக்காங்க, நொஎமி. இன்னைக்குப் பக்கம் மூடணும். எங்க போய்த் தொலைஞ்ச?"

அந்த அம்மாவைத் தேளோடு தனியே விட மனமில்லை. "என்கூட வாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள். நடையா அது, ஓட்டம். பிரிஸ்கா பாட்டில் குலுங்காமல் பின்னால் விரைந்தாள்.

எரிமலைக்காரர்களின் அறையில் ஒரு இளைஞன் எரிமலையின் அதிர்வுகள் திரையில் கோடுகளாக நெளிவதைக் காட்டிப் பேசினான். நொஎமி எழுதினாள். அவள் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"எப்ப வெடிக்கும்னு இது சொல்லிடுமா தம்பி?" என்றாள் பிரிஸ்கா.

"சொல்லாதும்மா. எப்பப் பதறுது, எப்ப அடங்குதுன்னு மட்டும் தெரியும்."

"நானும் வீட்ல அதத்தான் செய்யறேன். பக்கத்துல உக்காந்து அந்தாளு மூச்சக் கேட்டுட்டே இருக்கேன்."

அங்கிருந்து வளாகப் பேருந்தில் ஏறித் தொலைநோக்கிக்குக் கண்ணாடி தேய்க்கிறவர்களிடம் போனார்கள். அங்கே நரைத்த தாடிக்காரர் ஒருவர் வட்டக் கண்ணாடியைக் குழந்தையைத் தொடுவதுபோல் தொட்டார். இதில் முதல் படம் விழும்போது நான் ஓய்வு பெற்றிருப்பேன் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னதும், பிரிஸ்கா அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். துணியில் சுற்றிக் கொண்டுவந்த பீன்ஸ் அடைத்த சோள ரொட்டி ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

வெளியே மரத்தடியில் மீதி ரொட்டியைத் தின்றபோதுதான் அந்தப் பேச்சு வந்தது.

"அந்தாளுக்குக் கிளினிக்ல குடுத்த காசநோய் மாத்திரையால ஒரே வாந்தி. நல்லவேளை, நிறுத்திட்டாரு."

நொஎமி ரொட்டியைக் கீழே வைத்தாள். "எப்ப நிறுத்தினாரு?"

"மருமகன் இந்தப் பேப்பரக் கொண்டாந்து குடுத்த அன்னைக்கே. தேள் மருந்து வரப்போகுது, இந்தக் கருமம் எதுக்குன்னு தூக்கிப் போட்டுட்டாரு."

"எந்திரிங்க" என்றாள் நொஎமி.

பெனாவிதெஸின் வகுப்புக் கதவை அவள் தட்டவில்லை. தள்ளித் திறந்தாள். அத்தனை மாணவர்களும் திரும்பினார்கள். ஒல்லியான அந்த மனிதர் அவளைப் பார்த்ததும் முகம் சிவந்தார்.

"நீயா! உன் தலைப்பால என் போன் ஓயாம அடிச்சுக்கிட்டிருக்கு..."

"திட்டறத அப்புறம் திட்டுங்க டாக்டர். இவங்க வீட்டுக்காரர் அதப் படிச்சிட்டு மாத்திரைய நிறுத்திட்டாரு."

அவர் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார். நடைவழிக்கு வந்து, பிரிஸ்காவின் போனை வாங்கி, அவள் வீட்டுக்குக் கூப்பிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். மறுமுனையில் கரகரத்த குரல் கேட்டது. பிரிஸ்காவின் கணவர் சிரிலோ.

"என்ன கிழவி, கிடைச்சுதா?"

"ஐயா, நான் டாக்டர் பெனாவிதெஸ். நாங்க எலிக்குத்தான் குடுத்துப் பாத்தோம். மனுஷங்களுக்கு வர பல வருஷம் ஆகும். வராமலும் போகலாம்."

"எலிக்குக் கேக்குதுல்ல? நான் என்ன எலிய விட மட்டமா?"

நொஎமி குறுக்கிட்டாள். "நான்தாங்க எழுதினேன். அந்தத் தலைப்பு பொய். தயவுசெஞ்சு மாத்திரைய..."

"பேப்பர்லயே பொய் சொன்னவ, போன்ல நெசம் சொல்றேன்னா எப்படி நம்பறது?"

பிரிஸ்கா பாட்டிலை மார்போடு இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"சரி டாக்டரே, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்றது குரல். "குணமான அந்த எலி இப்ப எப்படி இருக்கு? நல்லாச் சாப்பிடுதா?"

பெனாவிதெஸ் நொஎமியைப் பார்த்தார். அவள் அதைக் கேட்டதே இல்லை. அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒரு முழுக் காலைப்பொழுது உட்கார்ந்திருந்தும் கேட்கவில்லை.

"எலி இல்லீங்க."

"எங்க போச்சு?"

"கொன்னுட்டோம், எல்லாத்தையும். நுரையீரல வெளிய எடுத்துப் பாத்தாத்தான் கிருமி எவ்வளவு குறைஞ்சுதுன்னு தெரியும்."

மறுமுனையில் ஏதோ இழுத்து இழுத்துக் கேட்டது. இருமுகிறார் என்று நொஎமி நினைத்தாள். இருமல் பாதி, சிரிப்பு பாதி.

"அடப்பாவிங்களா! கேட்டியா கிழவி? குணமாக்கிட்டுக் கொன்னுருக்கானுங்க! இந்த வைத்தியம் நமக்கு வேணாம், கிளம்பி வா."

"அப்ப மாத்திரை?" என்றாள் பிரிஸ்கா.

"முழுங்கித் தொலைக்கிறேன். அது என் நுரையீரல உள்ளயே வச்சுட்டுல்ல வேலை செய்யுது."

சிரிப்பு அடங்கும் முன்பே பெனாவிதெஸ், விட்ட மாத்திரையைத் தானாகத் தொடங்கக் கூடாது, இன்றே கிளினிக்குக்குப் போய் மறுபடி சளியைச் சோதிக்க வேண்டும், இடையில் விட்டால் கிருமி மாத்திரைக்கு அடங்காமல் முரண்டு பிடிக்கும் என்று கண்டிப்பாகச் சொன்னார். கிளினிக் மருத்துவரிடமும் அவரே பேசினார். தேள் பாட்டிலையும் வாங்கிக்கொண்டார். அது அவருக்குத் தேவைப்படவில்லை. பேருந்தில் யாரையாவது கொட்டிவிடும் என்ற பயம்தான்.

பிரிஸ்காவைப் பேருந்து ஏற்றிவிட்டு நொஎமி நேராக ரமீரோவிடம் போய் நடந்ததைச் சொன்னாள்.

"திருத்தம்தானே? நாலு வரி தர்றேன். எரிமலைக்குக் கீழ போட்டுடலாம்."

"முதல் பக்கம் வேணும்."

"திருத்தத்த எவன் படிக்கிறான் நொஎமி?"

"அப்ப எரிமலையும் இல்ல. எழுதினது என்கிட்டத்தான் இருக்கு."

பக்கம் மூட வேண்டிய நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. அவர் கத்தினார், மேசையைத் தட்டினார், கடைசியில் முதல் பக்கத்தில் பாதியைக் கொடுத்தார். என்ன செய்திருக்கிறார்கள், என்ன செய்யவில்லை, எலிகள் என்னவாயின என்று அவள் எழுதினாள். ஆனாலும் முதல் செய்தி போன இடத்துக்கெல்லாம் இரண்டாவது போய்ச் சேரவில்லை. அந்த மாதம் முழுக்க மருந்து கேட்டு வாசலுக்கு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவரையும் அவளே போய்ப் பார்த்தாள். அந்தத் தலைப்பு பொய் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னாள்.

சிரிலோவின் கிருமி முரண்டு பிடிக்கவே செய்தது. ஊசி போட வேண்டியதாயிற்று. மழைக்காலம் முடிந்தபிறகு ஒருநாள் பிரிஸ்கா போனில் கூப்பிட்டாள். கணிதக்காரர்களின் கட்டடப் படிக்கட்டில் பாதி ஏறியிருந்தாள் நொஎமி.

"சளியில ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க கண்ணு. அந்த ஊசியோட விளைவுல ஒரு காதுதான் கேக்காமப் போச்சு."

நொஎமி ஏறுவதை நிறுத்தினாள். "என்னால..."

"விடு. நான் சொல்றத ரெண்டு காது இருந்தப்பவே அந்தாளு கேட்டதில்ல."

மேலே யாரோ அவள் பெயரைச் சொல்லி அழைத்தார்கள். அவள் படியிலேயே உட்கார்ந்து, "இன்னும் சொல்லுங்க" என்றாள்.