சீரகத்தளவு கொக்கி

1973ஆம் வருஷம் மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலு பத்துக்கு, சிலமலையில் அன்னக்கொடி செய்து வைத்திருந்த உள்ளங்கை நீள டிராக்டர் யாரும் தொடாமல் தானாகக் கிளம்பி, பலகை மேலிருந்த மலைரோட்டில் இறங்கி, பன்னிரண்டாவது வளைவில் இடப்பக்கமாகக் கவிழ்ந்தது. அவள் அதை நிமிர்த்தி மேலே கொண்டுபோய் வைத்தாள். மறுநாள் நாலு பத்துக்கு மறுபடியும் கவிழ்ந்தது. அதன்பிறகு பதினோரு வருஷம் ஒரு நாள் தவறவில்லை. போடியிலிருந்து வரும் நாலு மணி பஸ்சு பஞ்சராகி நின்ற நாள் உண்டு, பூசாரி கோயில் மணியை அடிக்க மறந்த நாள் உண்டு, அந்த டிராக்டர் பிந்தியது கிடையாது. ஊரில் கைக்கடிகாரம் கட்டியிருந்த நாலைந்து பேரும் அதைப் பார்த்துத்தான் முள்ளைத் திருப்பிக்கொண்டார்கள்.

அது ஏன் கவிழ்ந்தது என்று தெரிய, முந்தின வருஷப் பங்குனிக்குப் போக வேண்டும். அன்னக்கொடியின் புருஷன் மொக்கச்சாமி, ராக்கையாவிடம் டிராக்டர் ஓட்டினான். ராக்கையாவுக்குச் சிலமலையில் நஞ்சையும் புஞ்சையுமாகப் பாதி ஊர், போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம், வாயில் ஒரு தங்கப்பல். ஊரில் பாதிப் பேர் அவர் வயலில் வேலை பார்த்தார்கள், மீதிப் பேர் அவர் தோட்டத்தில். டிராக்டருக்கு வலது காலடியில் இரண்டு பிரேக் உண்டு, இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று. வயலில் வண்டியைச் சட்டென்று திருப்ப ஒன்றை மட்டும் மிதிப்பார்கள். ரோட்டுக்கு ஏறினால் இரண்டையும் ஓர் இரும்புக் கொக்கியால் சேர்த்துப் பூட்டியாக வேண்டும். பூட்டாமல் இறக்கத்தில் மிதித்தால் ஒரு சக்கரம் நிற்கும், மற்றது ஓடும், வண்டி புரளும். ராக்கையாவின் வண்டியில் அந்தக் கொக்கி தை மாதமே ஒடிந்து விழுந்துவிட்டது. மொக்கச்சாமி மூன்று தரம் கேட்டான். "ஒரு கொக்கிக்காக வண்டிய நிறுத்திப் போடுவாகளாடா? கம்பிய வச்சுக் கட்டி ஓட்டு, பெறகு பாப்போம்" என்றார் ராக்கையா, மூன்று தரமும்.

பங்குனியில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். அந்த வருஷம் தீச்சட்டி எடுக்கும் முறை மொக்கச்சாமி வீட்டுக்கு. மஞ்சள் நூலை மணிக்கட்டில் கட்டிக்கொண்டவன் சாராயமும் கறியும் தொட மாட்டான், ஊரெல்லை தாண்டி ராத்தங்க மாட்டான். "காப்புக் கட்டியிருக்கேன், மலைக்கு வேற ஆள அனுப்புங்கய்யா" என்று கெஞ்சிப் பார்த்தான். "விளக்கு வைக்கிறதுக்குள்ள வந்துரலாம், வெரசா போ" என்று பதில் வந்தது. பிரேக்கைக் கட்ட வைத்திருந்த கம்பி தேய்ந்து போயிருந்ததால், வீட்டில் துணி காயப்போடும் கொடிக்கம்பியில் பாதியை வெட்டி எடுத்தான். "ஏய்யா, என் சீலைய எதுல போடுறது?" என்று அன்னக்கொடி கத்தினாள். "சாயங்காலம் புதுக்கம்பி கொண்டாறேன் புள்ள." அதுதான் கடைசிப் பேச்சு. மேலே உரமூட்டையை இறக்கிவிட்டு, தோட்டத்துக் கூரையில் பிரித்த பழைய ஓடுகளை ஏற்றிக்கொண்டு இறங்கியபோது, சாயங்காலம் நாலு பத்துக்கு, பன்னிரண்டாவது வளைவில் கம்பி அறுந்தது. ஊர்ச்சனம் போய்ச் சேர்ந்தபோது கம்பியைக் காணோம். பிணத்தின் பக்கத்தில் ஒரு சாராயப் பாட்டில் கிடந்தது. "குடிச்சிட்டு ஓட்டிட்டானே பாவி" என்று முதலில் சொன்னவர் ராக்கையா. அவர் ஊருக்கு முன்பே ஜீப்பில் வந்து நின்றிருந்தார்.

காப்புக் கட்டியவன் குடித்தான் என்றால் அது சாமிக்குச் செய்த துரோகம். தீச்சட்டி முறையை அந்த வீட்டிலிருந்து பறித்தார்கள். அந்த வருஷம் மழை குறைந்தது, மொக்கச்சாமியால். மாடுகளுக்குக் கோமாரி வந்தது, மொக்கச்சாமியால். குருவம்மாள் மகளுக்குப் பேசி வைத்த சம்பந்தம் முறிந்தது, அதுவும் செத்துப் போன அந்த மனுஷனால்தான். அட, மாப்பிள்ளைக்குத் தேனியில் ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது ஊருக்கே தெரியும், ஆனாலும் பழி மொக்கச்சாமிக்கு. அன்னக்கொடி மீதிக் கொடிக்கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். "இந்தாருக்கு பாதி. மத்த பாதி எங்க? பிரேக்குல கட்டுன கம்பிய அவுத்தது யாரு? வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கீக?" பொம்பளை புலம்புகிறாள் என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

போடியில் ஏலக்காய் சேர்த்து வைக்கும் கிட்டங்கி ஒன்றில் அவளுக்கு வேலை. காயின் காம்பைச் சின்னக் கத்தரியால் நறுக்கித் தரம் பிரிப்பது. நாளெல்லாம் அந்த நுணுக்கத்தில் பழகிய விரல்கள். வாயால் சொன்னால் ஏறவில்லையா, கண்ணுக்குக் காட்டுகிறேன் என்று முடிவு செய்தாள். பொட்டிபுரம் திருவிழாக் கடையில் ஒரு தகர டிராக்டரை வாங்கிவந்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்தாள். அதன் மட்கார்டு சின்னது, ராக்கையா வண்டியின் மட்கார்டு அகலம், எனவே எண்ணெய் டின்னை வெட்டி அகலமாக்கினாள். குடைக்கம்பியில் முன் அச்சு, சைக்கிள் டியூபில் டயர், டயரின் வரிகளைக் காய்ச்சிய ஊசியால் ஒவ்வொன்றாகக் கீறினாள். சீட்டில் அவன் போட்டு உட்கார்ந்த சாக்குத் துண்டு. ஊசி கனத்தில் இரண்டு பிரேக், அவற்றைச் சேர்க்கும் கொக்கிக்கு ஒரு துளை. கொக்கியை மட்டும் போடவில்லை. ஓட்டுகிற ஆளையும் செய்யவில்லை. மூன்று தரம் களிமண்ணை உருட்டி, மூன்று தரமும் முகம் வைக்க முடியாமல் பிசைந்து எறிந்துவிட்டாள். பழைய கதவுப் பலகை மேல் செம்மண்ணும் காகிதக் கூழுமாக மலையை எழுப்பினாள். தார் உருக்கி ரோடு, உப்புக்கல்லில் ஓரக்கற்கள், பச்சை நூலில் ஏலச்செடிகள், அடிவாரத்தில் முளைவிட்ட கேழ்வரகில் வயல். பத்து மாதம் ஆனது. ஊர்க்கூட்டத்தில் கொண்டுபோய் இறக்கி, வண்டியைக் கையால் உருட்டிக் காட்டினாள். "அன்னக்கொடி சொப்பு வச்சு விளையாடுறா" என்று சிரித்தார்கள். ராக்கையாவும் தங்கப்பல் தெரியச் சிரித்தார். அவள் பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மறுநாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

ஊர் என்ன செய்தது? வேடிக்கை பார்த்தது. அதற்கு என்றைக்குமே ஆள் பஞ்சமில்லை. நாலு மணிக்கு வாசலில் வந்து குந்தி, கவிழ்ந்ததும் உச்சுக்கொட்டிவிட்டு எழுந்துபோனார்கள். எழுபத்தாறில் மழை அடியோடு பொய்த்தது. பலகை மேல் மட்டும் தினம் காலையில் சாரல் விழுந்தது, பச்சை நூல் செடிகளில் காய் பிடித்தது. மொக்கச்சாமியால் மழை போச்சு என்று சொன்ன அதே வாய்கள் சொம்போடு வந்து நின்றன. "ஏந்திக்கங்க, ஏந்திக்கங்க. குடிகாரன் வீட்டுத் தண்ணி, தொண்டையில எறங்குமா பாருங்க" என்றாள் அவள். ஆளுக்கு ஒரு கரண்டிதான் தேறியது. வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார்கள், வெட்கங்கெட்டவர்கள்.

எழுபத்தேழு ஆடியிலிருந்து ஜீப்பு வர ஆரம்பித்தது. அவள் செய்த ஜீப்பு இல்லை அது. டிராக்டர் கவிழ்ந்த கொஞ்ச நேரத்தில் மேலே வளைவிலிருந்து சோப்புப்பெட்டி அளவில் இறங்கி வரும். சுண்டுவிரல் உயரத்தில் ஒருவர் இறங்குவார். வெள்ளை வேட்டி, தங்கப்பல். குனிந்து பிரேக்கில் தொங்கும் கம்பியை உருவி மடியில் செருகிக்கொள்வார். ஜீப்பிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துப் புல்லில் வைப்பார். ஏறிப் போய்விடுவார். முதல் நாள் நாற்பது பேர் பார்த்தார்கள். அன்னக்கொடி திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "இப்பச் சொல்லுங்க." கடைசியில் பால்சாமி என்ற மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "வெள்ளை வேட்டி ஊருக்குள்ள நூறு பேரு கட்றாக தாயி" என்றான். அவன் ராக்கையா தோட்டத்தில் ஆள் பிடித்துவிடுகிறவன். மற்றவர்களுக்கும் மறுநாள் ராக்கையா ஜீப்பில்தான் மலைக்கு வேலைக்குப் போக வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு கலைந்தார்கள். அன்று அவள் வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள், தெரு முழுக்க.

போடியில் லேத்துப் பட்டறை வைத்திருந்த தவசிக்கு மட்டும் மனசு பொறுக்கவில்லை. பித்தளையில் சீரகம் அளவு ஒரு கொக்கி கடைந்து கொண்டுவந்தார். "மாட்டிவிடு தங்கச்சி, வண்டி விழாது. தெனந்தெனம் எதுக்கு இந்தக் கண்றாவி?"

"எனக்கு மாட்டத் தெரியாதுன்னா நெனச்சீக அண்ணே? நான் மாட்ட மாட்டேன். மாட்ட வேண்டிய ஆளு வந்து மாட்டட்டும்."

அவள் கிட்டங்கிக்குப் போன நேரம் பார்த்து தவசி தானே மாட்டிவிட்டார். நாலு பத்துக்கு வண்டி வழக்கம்போலக் கவிழ்ந்தது. கொக்கியைக் காணோம். மறுநாள் மத்தியானம் ராக்கையா தயிர்ச்சோற்றில் கை வைத்து ஒரு வாய் போட்டதும் நறுக்கென்றது. தங்கப்பல் பெயர்ந்து வந்தது, கூடவே சீரகம் அளவு பித்தளைக் கொக்கியும். அதைக் கையில் வைத்துப் பார்த்தார். என்னவென்று அவருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. பிறகு யார் யாரோ இரக்கப்பட்டு மாட்டினார்கள். ஒவ்வொன்றும் அவரிடமே போய்ச் சேர்ந்தது, வெற்றிலை மடிப்பில், செருப்பில், கண்ணுக்கு விடும் மருந்தில். யாரும் மாட்டாத நாளிலும் வர ஆரம்பித்தது. சோற்றைச் சல்லடையில் சலித்துத் தின்றார். கஞ்சியைத் துணியில் வடிகட்டிக் குடித்தார், வடித்த கஞ்சியிலும் கொக்கி இருந்தது. ஆள் வற்றிப் போனார். இரண்டு முறை ஆள் விட்டுப் பலகையை எடுத்துவந்து கொட்டகுடி ஆற்றில் எறியச் சொன்னார். இரண்டு முறையும் அது மறுநாள் காலையில் ஈரம் சொட்ட அவள் வீட்டில் இருந்தது, நாலு பத்துக்குத் தயாராக.

எண்பத்துநாலு பங்குனியில், காப்புக் கட்டின மறுவாரம், ராக்கையா கம்பை ஊன்றிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தார். பன்னிரண்டு வருஷத்தில் அந்தத் தெருவுக்குள் அவர் வந்தது அன்றுதான்.

"அன்னக்கொடி, அந்தக் கொக்கிய நானே மாட்டிவிட்டுர்றேன் தாயி. சோறு திங்க முடியல."

"இங்க வேணாம். ஊரு முன்னால வச்சுத்தான சொன்ன, நாளைக்கு ஊரு முன்னால கோயில் திடலுக்கு வா." முதலாளி என்று கூப்பிட்ட வாய் அது.

மறுநாள் அவள் பலகையைத் தலையில் தூக்கிக்கொண்டு கோயில் திடலுக்கு நடந்தாள். காப்புக் காலம், ஊரே அங்கே இருந்தது. நாலு மணி. ராக்கையா விரல்நுனியில் கொக்கியை எடுத்துக்கொண்டு குனிந்தார். அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்.

"மொதல்ல வாயி. பெறகு கையி."

அவர் சுற்றிலும் பார்த்தார். அவர் வயலில் உழுதவர்கள், அவர் தோட்டத்தில் காய் எடுத்தவர்கள் எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள். "அவன் குடிக்கல" என்றார்.

"கடைசியில நிக்கிறவுகளுக்குக் கேக்கல."

"மொக்கச்சாமி குடிக்கல! கொக்கி ஒடிஞ்சு போச்சுன்னு மூணு தரம் கேட்டான், நாந்தான் வாங்கிக் குடுக்கல. கம்பிய நாந்தான் உருவுனேன். பாட்டில நாந்தான் வச்சேன்." ஒரு மூச்சில் சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அன்னக்கொடி கூட்டத்தைப் பார்த்தாள். "கேட்டுக்கிட்டீகளா? இவரு ஒரு நா பொய் சொன்னாரு. நீங்க பன்னெண்டு வருசம் சொன்னீக." பால்சாமி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ராக்கையா கொக்கியை மாட்டினார். நாலு பத்துக்கு வண்டி கிளம்பியது. பன்னிரண்டாவது வளைவில் இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பிடித்தன. வண்டி குலுங்கி, திரும்பி, இறங்கியது. அடுத்த வளைவு, அதற்கடுத்த வளைவு, கேழ்வரகு வயல், பலகையின் விளிம்பு. விளிம்பைத் தாண்டித் திடலில் இறங்கி, சனங்களின் கால்களுக்கு இடையே ஓடியது. ஆம்பளைகள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு வழி விட்டார்கள். சீட்டில் ஆள் இருந்தான். சுண்டுவிரல் உயரம், காக்கிச் சட்டை, மணிக்கட்டில் மஞ்சள் நூல்.

அன்னக்கொடி பின்னாலேயே நடந்தாள். "என்னய மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ தாயி" என்று ராக்கையா கூப்பிட்டார். "வீட்டுல சோலி கெடக்கு" என்றாள், திரும்பாமல்.

வண்டி அவள் வாசலில் போய் நின்றது. அவள் குந்தி உட்கார்ந்து, "ஏய்யா, சாயங்காலம் வாறேன்னு போனியே, எந்த வருசத்துச் சாயங்காலம்? போகாதேன்னு சொன்னா கேட்டியா? அந்த ஆளு சொன்னா மலையில ஏறிருவியா?" என்று ஆரம்பித்து, தெருவே கேட்க ஒரு பாட்டம் திட்டி முடித்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பிறகு இடுப்பிலிருந்து ஏலக்காய்க் கத்தரியை எடுத்தாள்.

"கொண்டா கைய."

பன்னிரண்டு வருஷமாக அவிழ்க்காத காப்பை ஒரே நறுக்கில் நறுக்கி எடுத்தாள்.

பொழுது சாய்வதற்குள் கோயில் பெரியாட்கள் தாம்பாளத்தோடு வந்து, தீச்சட்டி முறை இனி அவர்கள் வீட்டுக்கே என்றார்கள். "இம்புட்டு வருசம் நீங்கதான வச்சிருந்தீக, நீங்களே சொமங்க. சூடு என்னன்னு தெரியட்டும்" என்று கதவைச் சாத்தினாள்.

மறுநாள் காலையில், முருங்கை மரத்துக்கும் கூரைக்கும் நடுவே அவள் இழுத்துக் கட்டியிருந்த அந்தப் பாதிக் கொடியில், அவள் சீலைக்குப் பக்கத்தில் துளசி இலை அளவு காக்கிச் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. எதிர்வீட்டுச் செல்லத்தாய் சாணி தெளிக்க வந்தவள் நின்று பார்த்தாள்.

"நல்லாப் பிழிஞ்சு போடலயா அன்னக்கொடி, உன் சீலையில சொட்டுது பாரு."

"புதுக்கம்பி கொண்டாரப் போயிருக்காரு" என்றாள் அன்னக்கொடி. "வந்ததும் தள்ளிப் போடுறேன்."