வலம்புரித் திருகு

பாரத தேசத்தில் மரை கழன்றவர்கள் அத்தனை பேரும் ஒரு காலத்தில் கரோல் பாக்கில் என் மேஜைக்கு எதிரேதான் வந்து உட்கார்ந்தார்கள். நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிடும்படி என் மனைவி விசாலாக்ஷி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். தாராளமாகத் தள்ளுங்கள். மிச்சமே போதும்.

நான் பேடண்ட் எக்ஸாமினர். புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன் என்று ஒருவன் ஆசையாகக் கொண்டுவந்து நீட்டுவான். அதை அவனுக்கு முன்னாலேயே வேறொருவன் கண்டுபிடித்துவிட்டான் என்று தேடிப்பிடித்துச் சொல்வது என் உத்தியோகம். கல்யாண மண்டபத்தில் எழுந்து நின்று, பெண்ணுக்கு ஏற்கெனவே புருஷன் இருக்கிறான் என்று சொல்கிற மாதிரி. அதற்குச் சம்பளமும் உண்டு, பென்ஷனும் உண்டு.

எழுபத்தொன்பதாம் வருஷத்துக் கோடையில் அப்படி வந்த மாப்பிள்ளைதான் செல்வராஜ். தூத்துக்குடிக்காரர். விமானப்படையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மீசையில் பக்கத்துக்கு ஒரு கிளி உட்காரலாம். அவர் கொண்டுவந்தது ஒரு ஸ்க்ரூ. எத்தனை அதிர்ந்தாலும் கழலாத ஸ்க்ரூ.

"டில்லி பஸ்ஸுல மாட்டி விடுங்க சார். பஸ்ஸு கழண்டு போகும், ஸ்க்ரூ நிக்கும்" என்றார்.

தத்துவம் எளிது. ஒரே தண்டில் இரண்டு மரை. ஒன்றின் மேலேயே இன்னொன்றைக் கடைந்திருந்தது. இரண்டுக்கும் தனித்தனி நட்டு. ஒரு நட்டைப் போட்டு, அதன் தலையில் இன்னொரு நட்டைப் போட்டுவிட்டால் தீர்ந்தது.

ஃபரீதாபாத்தில் ஒரு மின்விசிறிக் கம்பெனி, பேடண்ட் கிடைத்தால் அந்த ஸ்க்ரூவைச் செய்யும் பட்டறையை அவர் பொறுப்பிலேயே விடுவதாகச் சொல்லியிருந்தது. கிடைக்காவிட்டால், பட்டாளத்திலிருந்து வந்த மற்றவர்களைப் போல அவரும் எவனுடைய கேட்டிலாவது காக்கி போட்டு நின்று சலாம் அடிக்க வேண்டும். அந்த மீசை சலாம் அடிப்பதை நினைத்துப் பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

ஆனால் உத்தியோகம் உத்தியோகம்தான். தேடினேன். இமயமலை உயரத்துக்குக் காகிதங்களைப் புரட்டினேன். கிடைத்துவிட்டான் ஒரு ஜெர்மன்காரன்! ஒரே தண்டு, இரண்டு மரை, இரண்டு நட்டு. அவனுடைய இரண்டு மரையுமே வலது மரை, அதாவது வலப்பக்கம் திருகினால் இறுகும் சாதாரண மரை. செல்வராஜின் விண்ணப்பத்திலும் 'முதல் மரை வலது, இரண்டாவது மரை வலது' என்று பளிச்சென்று டைப் அடித்திருந்தது. அச்சு அசல். படத்தில் மட்டும் கோடுகள் மீன் வலை மாதிரி குறுக்கும் மறுக்குமாக ஓடின. வரைந்த கை நடுங்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆட்சேபணை போனது, பதில் வந்தது, மறுபடி ஆட்சேபணை போனது. கடைசியில் நேரில் வரச் சொன்னோம். அன்று சாயங்காலத்துக்குள் ஆட்சேபணை தீராவிட்டால் விண்ணப்பம் காலாவதி.

விசாரணை என் மேலதிகாரி கன்னா சாபின் அறையில். கன்னா பஞ்சாபி. ஆறடி மனிதர், அரையடிப் பொறுமை. அவர் ஜன்னலில், அடியில் தண்ணீர் ஊற்றி வைக்கிற கூலர் ஒன்று இருந்தது. அதைப் போட்டால் காற்று வருகிறதோ இல்லையோ, பூகம்பம் வரும். பெயர்ப்பலகை மேஜையில் ஊர்ந்து ஊர்ந்து ஃபைலுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

செல்வராஜ் மகள் அம்சவேணியோடு வந்தார். டில்லியிலேயே பிறந்து வளர்ந்து, கன்னாட் பிளேஸில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்த பெண். விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் டைப் அடித்ததும் அவள்தான். அப்பா தமிழில் சொல்லச் சொல்ல இவள் இங்கிலீஷில் அடித்திருக்கிறாள்.

செல்வராஜ் பையிலிருந்து இரண்டு ஸ்க்ரூக்களை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது என்னோடது. இது ஜெர்மன்காரனோடது. நீங்க அனுப்புன படத்தைப் பாத்து நானே கடைஞ்சு கொண்டாந்துட்டேன். பாவம், அவன் இவ்வளவு தூரம் வர முடியாதுல்லா!"

கன்னா இரண்டையும் எடுத்துப் பார்த்தார். "ராஜாராமன் ஜி, தோனோ ஏக் ஹி ஹை. இரண்டும் ஒன்றுதானே? கேஸ் கதம்" என்று மணியைப் பார்த்தார்.

"ஒரு நிமிஷம் சார்" என்று செல்வராஜின் ஸ்க்ரூவை நான் வாங்கினேன். முதல் நட்டு வலப்பக்கம் திருகத் திருகச் சமர்த்தாக உள்ளே போனது. இரண்டாவது நட்டை வைத்து வலப்பக்கம் திருகினேன். போகவில்லை. அழுத்தினேன். மாட்டேன் என்றது. கன்னா பிடுங்கித் திருகினார். பஞ்சாபிலிருந்து வந்த அத்தனை பாலும் நெய்யும் அவர் கையில் இறங்கிற்று. முகம் தக்காளி ஆனதுதான் மிச்சம்.

"சார், சார், மரையைக் கெடுத்துராதீங்க!" என்று செல்வராஜ் பதறினார். "இடப்பக்கமால்லா திருகணும்!"

"ஏன்யா, வலது மரைன்னு எழுதியிருக்கீரே? இடப்பக்கம் திருகச் சொல்றீரே?" என்றேன்.

"யாரு வலதுன்னு எழுதுனா? ரெண்டாவது மரை வலம்புரின்னுல்லா சொன்னேன்!"

"வலம்னா வலதுதானே ஓய்!"

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கடலையே பார்க்காதவனைக் கடற்கரைக்காரன் பார்க்கும் பார்வை. "உங்க தஞ்சாவூர்ப் பக்கம் சங்கை ஊதத்தான் செய்வாங்க போல, பாக்க மாட்டாங்க. சாதாச் சங்கு இருக்குல்லா, அதோட சுத்து நம்ம சாதா ஸ்க்ரூ மரை மாதிரியே போகும். அதுக்குப் பேரு இடம்புரி. லட்சத்துல ஒண்ணு நேர் எதிராச் சுத்தும். அதுதான் வலம்புரி. எங்க ஊர்ல மூக்கு ஒழுகுற பயலுக்குக் கூடத் தெரியும். எதிர்மரைன்னா வலம்புரிதான் சார்!"

எல்லோரும் அம்சவேணியைப் பார்த்தோம்.

"எனக்கென்னப்பா தெரியும்?" என்றாள் அவள். "நீங்க வலம் வலம்னீங்க. கோயில்ல வலம் வரதுன்னா ரைட் சைடுதானே? அச்சான்னு ரைட்னு அடிச்சுட்டேன். படிச்சுக் காட்டினப்போ நீங்களும் தலையை ஆட்டினீங்க!"

"நீ படிச்ச வேகத்துல யாருக்கு என்னம்மா புரிஞ்சிச்சு!"

என் தலைக்குள் நூறு சங்கு ஒரே சமயத்தில் ஊதியது. படத்தை இழுத்தேன். கை நடுக்கமாவது மண்ணாவது! ஒரு மரையின் கோடுகள் இந்தப் பக்கம் சாய்ந்திருந்தன, மற்றதன் கோடுகள் அந்தப் பக்கம். ஜெர்மன்காரன் படத்தில் எல்லாக் கோடும் ஒரே பக்கம், அணிவகுப்பில் போகிற சிப்பாய் மாதிரி. நான் எழுந்து நின்றேன். குதித்தேன் என்று கன்னா பிற்பாடு எல்லோரிடமும் சொன்னார். அவரும் என்னைப் போலக் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்.

"சார்! ஜெர்மன்காரனுக்கு ரெண்டு மரையும் ஒரே பக்கம். ஆடினால் ரெண்டு நட்டும் ஒரே திசையில் கழலும். இவருக்கு எதிரெதிர்ப் பக்கம். ஒன்று கழலப் பார்த்தால் இன்னொன்றை இறுக்கும். ஒன்றுக்கொன்று போலீஸ்!"

கன்னா அசையவில்லை. "விண்ணப்பத்தில் ரைட் என்றுதான் இருக்கிறது. தோற்கப் போகிறோம் என்று தெரிந்ததும் மாற்றிக்கொள்கிறார் என்று நாளைக்கு ஒருத்தன் கேட்டால்?"

"படம் முதல் நாளே கொடுத்தது சார். அதில் எதிர்மரை இருக்கிறது. எழுத்தில் இருப்பது வெறும் பிழை. சங்கினால் வந்த பிழை. ஹிந்தியிலே தக்ஷிணாவர்த்த சங்க் என்று சொல்வீர்களே, அதுதான் சார்."

"தக்ஷிணாவர்த்த?" கன்னா நிமிர்ந்தார். "எங்கள் அம்மா பூஜையில் இருந்ததே! அதுவா லெஃப்ட் ஹேண்ட்?" காற்றில் ஒரு சங்கைப் பிடித்து விரலால் சுற்றிப் பார்த்தார். மறுபடி சுற்றினார். "அரே பாப்ரே! நான் எழுதியிருந்தாலும் ரைட் என்றுதான் எழுதியிருப்பேன்."

பிழை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் விடவில்லை. "சரி, எதிர்மரை. அதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு? ஜெர்மன்காரன் பட்டறையில் யாருக்கும் தோன்றியிருக்காதா? ஒரே தண்டில் எதிரெதிராகக் கடைந்தால் ஒரு மரை இன்னொன்றை வெட்டித் தின்றுவிடும். பாதி மரையை வைத்துக்கொண்டு எது தாங்கும்?"

"அப்படித்தான் சார் ஜெர்மன்காரனும் நெனச்சிருப்பான்!" செல்வராஜ் மேஜையில் ஒரு குத்து விட்டார். "அதனாலதான் செய்யல. நெனச்சுக்கிட்டே இருந்துட்டான். தாங்குதா இல்லையான்னு இப்பப் பாத்துருவோமா? உங்க கூலர் என்ன ஆட்டம் ஆடுதுன்னு வந்ததுலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

கன்னா வாயைத் திறப்பதற்குள் கூலரை நிறுத்திவிட்டார். மோட்டாரைத் தாங்கும் தகட்டிலிருந்து பழைய ஸ்க்ரூ இரண்டைக் கழற்றி, ஒன்றின் இடத்தில் ஜெர்மனியையும் பக்கத்தில் தூத்துக்குடியையும் முடுக்கினார். ஸ்விட்சைப் போட்டார்.

அடடா! கூலர் சாமி வந்த மாதிரி ஆடியது. சுவரில் காலண்டர் பறந்தது. மாடிப்படியில் போனவர்களெல்லாம் எட்டிப் பார்த்தார்கள். டீ கொண்டுவந்தவன் டீயோடு நின்றுவிட்டான். ஜெர்மன் நட்டு முதலில் மெதுவாகச் சோம்பல் முறித்தது. பிறகு கொஞ்சம் நகர்ந்தது. அதன் தலையில் இருந்த நட்டும் கூடவே நகர்ந்தது, புருஷன் பின்னால் போகும் பெண்டாட்டி மாதிரி.

"கிர் ரஹா ஹை! விழப்போகிறது!" என்று கத்தியது யார் தெரியுமா? கன்னா. நாற்காலிமேல் ஏறி நின்றிருந்தார். 'டங்' என்று ஒரு நட்டு உள்ளே தண்ணீரில் விழுந்தது. 'டங்' என்று இன்னொன்று. வாசலில் நின்ற கூட்டம் கைதட்டியது. தூத்துக்குடி அசையவே இல்லை. கன்னா கூலரை நிறுத்தச் சொல்லி, விரலால் அதைத் திருகிப் பார்த்தார். முன்பைவிட இறுகியிருந்தது.

"லாவோ பேப்பர்" என்றார்.

விண்ணப்பத்தில் இரண்டாவது மரைக்கு இருந்த 'ரைட்' என்ற சொல்லை அடித்து, அதன் மேல் 'லெஃப்ட்' என்று எழுதிச் செல்வராஜ் பக்கம் தள்ளினார். "இங்கே கையெழுத்துப் போடுங்கள். ஆட்சேபணை தீர்ந்தது."

செல்வராஜ் பேனாவை எடுத்தார். படித்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"லெஃப்டுன்னா இடதுல்லா?"

"ஆமாம்."

"வலம்புரிய இடதுன்னு எழுதி நான் கையெழுத்துப் போடணுமா? லட்சுமி இருக்குற சங்கு சார் அது. ஊர்ல தெரிஞ்சா என்ன சொல்லுவான்?"

எனக்கு மயக்கம் வராத குறை. கன்னாவுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. "அப் க்யா ஹுவா? இப்போது என்ன ஆச்சு?" என்றார். இவர் பாவபுண்ணியம் பார்க்கிறார் என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? மணி ஐந்தை நெருங்கிக்கொண்டிருந்தது.

அம்சவேணிதான் பேனாவை எடுத்து அப்பா கையில் திணித்தாள்.

"அப்பா, இங்கிலீஷ்காரனுக்குச் சங்கைத் தலைகீழாத்தான் பிடிக்கத் தெரியும். அவன் பாஷையில அவன் சொல்றான், உங்களுக்கென்ன? ஜல்தி போடுங்க. இல்லேன்னா காக்கிச் சட்டை போட்டு கேட்டுல நின்னு லெஃப்ட் ரைட் ரெண்டும் போட வேண்டியதுதான்!"

செல்வராஜ் மகளை முறைத்தார். மீசை ஒரு தடவை துடித்தது. பிறகு தாள் கிழிந்துவிடும்போல் அழுத்தி, ஒரு முழ நீளத்துக்குக் கையெழுத்துப் போட்டார். கன்னா சீலைக் குத்தினார். மனிதர் கன்னாவின் கையைப் பிடித்துக் குலுக்கிய குலுக்கலில், அந்தக் கூலர் தேவலை என்று ஆகிவிட்டது.