பச்சை கூடுது

அடுப்பின் இரும்புக் கதவைத் திறந்து நாலாவது சக்கரத்தைக் கொக்கியோடு வெளியே இழுக்கும்போது போன் அடித்தது. ஒரு கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு எடுத்தாள். சித்தப்பா.

"எங்கம்மா இருக்க?"

"பட்டறைல."

"அண்ணன் செத்துக் கிடக்கார், உனக்குப் பட்டறை கேக்குதா? மதியம் வண்டி வருது."

"வேணாம்னு சொல்லிருங்க. அப்பா அவர் வண்டிலதான் போவார்."

"எது? சக்கரமே இல்லாம செங்கல் மேல நிக்குதே, அதுலயா?"

"அதுலதான்." வைத்துவிட்டாள்.

இரும்பின்மேல் நிறப் பொடியைத் தூவி அடுப்பில் சுட்டெடுக்கும் தொழில் அவளுக்கு. தெருவில் அடுப்புக்காரி என்றால்தான் தெரியும். அப்பாவிடம் இருந்தது பின்பக்கம் நீண்ட ஒரு பழைய கார். சீட்டை மடக்கினால் ஓர் ஆள் தாராளமாகக் கால் நீட்டிப் படுக்கலாம். "நான் போறப்ப இதுலதான் போவேன். வாடகை வண்டில ஏத்தினீங்க, எந்திரிச்சு இறங்கிருவேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிவைத்திருந்தார்.

பெட்ரோல் ஊற்றும் வாயை மறைக்கும் சின்னக் கதவு போன்ற மூடியின் உள்பக்கம் வெயில் பார்க்காமல் தப்பித்த அசல் நிறம் இருந்தது. சாம்பல் கலந்த நீலம். அதைப் பார்த்து வண்டியின் உடம்புக்குப் பெயிண்ட் அடித்தாகிவிட்டது. சக்கரங்களும் அதே நிறத்தில் வேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். பெயிண்ட் என்றால் ஒரு சொட்டு விட்டுக் கலக்கலாம். பொடியில் அந்த வித்தை பலிக்காது, கலந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒவ்வொரு தடவையும் பொடி செய்கிறவனிடம் புதிதாகச் சொல்லி வாங்கி, ஒரு தகட்டில் சுட்டு, கட்டிலருகே கொண்டுபோய்க் காட்டுவாள். கழற்றி வைத்திருந்த மூடியோடு சேர்த்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்.

நேற்று சாயங்காலமும் காட்டினாள். மூச்சு வாங்க வாங்கப் பார்த்தார். "இது இல்லடி. பச்சை கூடுது" என்றார். அதற்கப்புறம் அவர் வாயைத் திறக்கவில்லை. ராத்திரியே போய்விட்டார்.

கடவுளே என்று கும்பிட்டபடியே போனார் என்று அத்தை துக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடிந்ததும் அந்தத் தகட்டை எங்காவது வீசி எறியலாம் என்று வாசலுக்குக் கொண்டுவந்தாள். செங்கல்மேல் நின்ற வண்டியைத் தாண்டும்போது வெயில் விழுந்தது. நின்றாள். தகட்டைக் கதவோடு ஒட்டிப் பிடித்தாள். தகடு எங்கே முடிகிறது, கதவு எங்கே தொடங்குகிறது என்று விரலால்தான் தடவிப் பார்க்க வேண்டியிருந்தது.

காற்றுப் பட்டால் ஆகாது என்று அத்தை ஜன்னலைச் சாத்தி மாசக் கணக்காகிறது. அந்த அறையில் இரவும் பகலும் டியூப்லைட்தான். பச்சை அதிலிருந்து வந்திருக்கிறது. அழுகை முட்டியது, அதைவிடக் கோபம் முட்டியது. தப்பான வெளிச்சத்தில் ஒரு பொல்லாத வார்த்தையைச் சொல்லிவிட்டு மனுஷன் கிளம்பிவிட்டார். விடுவதாக இல்லை அவள். நேராகப் பட்டறைக்கு ஓடி அடுப்பை மூட்டினாள்.

நாலு சக்கரமும் சூடு ஆறியதும் டயர்க்கடைக்காரர் கடையைக்கூடச் சரியாகத் திறக்காமல் டயர் ஏற்றிக் கொடுத்தார். வீட்டு வாசலில் ஜாக்கி வைத்து மாட்டியதும் அவரேதான். செங்கற்களை அவள் ஒதுக்கினாள். இவ்வளவையும் சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரே வேணாம்னு சொன்ன கலர்தானே இது? நேத்து நீதான சொன்ன? செத்தவர் பேச்சையாவது கேக்கக் கூடாதா?"

"உயிரோட இருந்தப்பவே கேட்டதில்ல. உள்ள வாங்க."

கிரீஸ் கையோடு உள்ளே போனாள். உட்கார்ந்திருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். டியூப்லைட்டை அணைத்தாள். "ஏண்டி, இருட்டாக்குற?" என்று அத்தை பதறினாள். ஜன்னல் கொண்டி இறுகியிருந்தது. உள்ளங்கையால் இரண்டு குத்துவிட்டுத் திறந்தாள். வெயில் அப்பாவின் தாடைவரைக்கும் வந்து விழுந்தது. நான்கு நாள் தாடி வெள்ளையாகப் பளிச்சென்று தெரிந்தது.

மேஜைமேல் கிடந்த பெட்ரோல் மூடியை எடுத்து, உள்பக்கம் மேலே தெரியும்படி அவர் நெஞ்சின்மேல் வைத்தாள். பக்கத்தில் தகட்டை ஒட்டி வைத்தாள்.

"இப்ப பாருப்பா."

அத்தை எட்டிப் பார்த்தாள். "ரெண்டும் ஒண்ணுதானேடி?"

சித்தப்பா குனிந்தார். கண்ணாடியைக் கழற்றி, வேட்டியில் துடைத்து, மாட்டிக்கொண்டு திரும்பவும் குனிந்தார். நிமிரவே நேரமாயிற்று. பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். "இல்லப்பா, வண்டி வேணாம். இங்கயே இருக்கு" என்று அவர் சொல்வது உள்ளே கேட்டது.

தகட்டை அப்பாவின் கைக்கடியில் செருகிவிட்டு, மூடியை மட்டும் எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்குப் போனாள். இரண்டே திருகாணிதான். வண்டியில் அதன் இடத்தில் வைத்து முடுக்கிவிட்டு, மூடியைத் தள்ளிச் சாத்தினாள்.