அழ வேண்டிய இடம்

தவநாயகியின் புருஷன் சச்சிதானந்தனுக்கு ஒரு சொல் அகப்பட்டால் போதும், அதன் பூர்வீகத்தைத் தோண்டாமல் விடமாட்டார். நோர்பரித் தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழா நாடகமும் அவர் கையில்தான். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டில், மேடை போதாதென்று வீட்டுக்குள்ளேயே ஒரு நடிகனைப் பிடித்தார், அவளுடைய தம்பி நிசாந்தனை.

நிசாந்தன் அகதி கேட்டு வந்தவன். இராணுவ முகாமில் பட்டதையெல்லாம் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் அதிகாரி முன்னால் உளறிக் கொட்டினான். முதல் நடந்தது கடைசியில், கடைசி நடந்தது நடுவில். முன்னுக்குப் பின் முரண் என்று மறுத்துவிட்டார்கள். இனி அப்பீல் ஒன்றுதான். அதுவும் போனால் பிளேனில் ஏற்றி, அடித்தவர்கள் கையிலேயே கொடுத்துவிடுவார்கள்.

முன்னறைக் கதிரைகளை ஒதுக்கிவிட்டுச் சச்சிதானந்தன் தொடங்கினார்.

"ஒத்திகை எண்டால் என்ன தெரியுமோ தம்பி? ஒத்துப்போறது. நேற்றுச் சொன்னதும் இண்டைக்குச் சொல்லுறதும் ஒத்துப்போகோணும். வெள்ளைக்காரன் சொல்லுற றிகேசலுக்கு அடிச்சொல் வேறை. உழுத நிலத்தைப் பல்லு வைச்ச பலகையாலை திரும்பக் கிளறுறது."

"அவன்ரை உயிர் போகுது, உங்களுக்குச் சொல்லாராய்ச்சி!" என்றாள் தவநாயகி. சொன்னாளே தவிர, தேத்தண்ணி கொண்டுவந்து வைத்து, தம்பி விட்ட இடங்களை எடுத்துக்கொடுத்ததும் அவள்தான்.

முதல் நாள், தலையில் பெற்றோல் நனைத்த பொலித்தீன் பையைக் கட்டிய இடம் வந்ததும் நிசாந்தன் குளியலறைக்கு ஓடி, தின்றதெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தான். திரும்பி வந்து, அப்போது வாசலில் நின்ற காவல்காரன் தோடம்பழம் உரித்துத் தின்றுகொண்டிருந்தான் என்றான். அந்த ஆரஞ்சு வாசம்தான் இன்னும் போகவில்லையாம்.

"தோடம்பழத்தை விடு. ஒருத்தனும் நம்பான்," என்றார் அத்தான். "சத்தியும் எடுக்கப்படாது. பையைச் சொல்லேக்கை கழுத்திலை கையை வை. கண் கலங்கினால் காணும், அதுக்கு மேலை வேண்டாம்."

பாவம், பழகிக்கொண்டான். போகப் போகச் சத்தி நின்றது. சொன்ன இடத்தில் கை கழுத்துக்குப் போயிற்று, சொன்ன இடத்தில் கண் கலங்கியது. சச்சிதானந்தன் கைதட்டினார்.

அப்பீல் நாளன்று தவநாயகி நீதிமன்றப் பின்வரிசையில் இருந்து கேட்டாள். ஒரு பிசகில்லை. அவள் வயிறு குளிர்ந்தது. அரசாங்க வக்கீல் எழுந்து, அந்தப் பை விஷயத்தைத் திரும்பவும் சொல்லச் சொன்னாள். அதே சொல், அதே கை, அதே கண்ணீர். பை என்ன நிறம் என்று இடையில் கேட்டாள். நிசாந்தன் தடுமாறி, மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்கினான்.

"இது ஒத்திகை பார்த்த கதைதானேன்னு கேக்கறாங்க," என்றார் மொழிபெயர்ப்பாளர் சேஷாத்ரி.

நிசாந்தன் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாத பிறவி.

"ஓம். அத்தான் வீட்டிலை நெடுகப் பாத்தனாங்கள்."

சேஷாத்ரி ஒருகணம் தயங்கிவிட்டு அதை ஆங்கிலத்தில் சொன்னார். நீதிபதி எழுதிக்கொண்டார்.

மறுப்பு வந்த காலையில் சச்சிதானந்தன் சோறு தின்னவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்குமா? "புதுசா ஒரு விண்ணப்பம் போடுவம். இந்த முறை கொஞ்சம் தடுமாறிச் சொல்லப் பழக்குவம்," என்றார்.

"நாசமாய்ப் போக உங்கடை ஒத்திகை!" தவநாயகி அகப்பையை எறிந்தாள். "கிளறிக் கிளறி அவனுக்குள்ளை ஒண்டும் இல்லாமல் பண்ணிப்போட்டியளே! நடந்ததைத்தானே அவன் சொன்னவன்!"

பிறகு தம்பியின் பக்கத்தில் போய் இருந்தாள். அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எனக்குச் சொல்லு ராசா. முதல் நாள் சொன்னமாதிரி, வந்தபாட்டுக்குச் சொல்லு. அந்தத் தோடம்பழத்தைச் சொல்லு."

நிசாந்தன் நெற்றியைச் சுருக்கி யோசித்தான்.

"எந்தத் தோடம்பழம், அக்கா?"

அவள் முகம் போன போக்கைப் பார்த்துப் பயந்துபோய், கையை விடுவித்துக் கழுத்தில் வைத்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து சொல்லத் தொடங்கினான்.