பாக்திகுல் பொருத்திய பாய்லர்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. எதிர் வீட்டு பாக்திகுல் வேலியோரம் நின்று, "எதையெதையோ எழுதுறியே, என் பாய்லரப் பத்தி எழுதேன்" என்றாள். பிஷ்கெக் நகரத்தின் ஓரத்தில் இருக்கும் எங்கள் தெருவில் நாற்பது வீடு; நாற்பதிலும் நிலக்கரிப் புகை. இந்தக் குளிர்காலத்தில் அவள் வீட்டில் மட்டும் புகை நின்றுவிட்டது. பெருமை இருக்காதா?

முதல் தொடக்கம்: "பனி பெய்துகொண்டிருந்த ஒரு—"

வேண்டாம். பனி பெய்யாமல் இங்கே எந்தக் கதை நடக்கிறது?

இரண்டாவது: பாக்திகுல் பள்ளிக்கூடத்துக் கொதிகலன் அறையில் பதினோரு வருடம் கரி அள்ளியவள். பள்ளி மின்சாரத்துக்கு மாறியபோது குழாய்க்காரர்கள் செய்ததை ஒன்றுவிடாமல் பார்த்து வைத்துக்கொண்டாள். [இது இருக்கட்டும்.]

2

மும்முனை இணைப்பை மின்வாரிய ஆள் கொடுத்தான். மற்றதெல்லாம் அவள் கைவேலை. வீட்டைச் சூடாக்கும் மின்சாரப் பாய்லரைச் சுவரில் மாட்டினாள், வெந்நீரை ரேடியேட்டர்களுக்குத் தள்ளப் பம்பு வைத்தாள், இதுவரை அந்த வெந்நீரைக் காய்ச்சிய பழைய கரி அடுப்பின் குழாயோடு இணைத்தாள். அடுப்பைக் கழற்றவில்லை. கரண்டு போனால் என்ன செய்வது? இங்கே யாரும் கழற்ற மாட்டார்கள்.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: அடுப்புக்குப் போகும் குழாயில் ஒரு வால்வு உண்டு. அதை மூடிவிட்டு நெருப்புப் போட்டால் உள்ளே அடைபட்ட தண்ணீர் ஆவியாகி அடுப்பு வெடித்துவிடும். அதனால் கரி வீடுகளில் யாரும் மூடாதபடி அதைக் கம்பியால் கட்டி வைப்பார்கள். இந்த வீட்டில் கட்டியது பாக்திகுல்தான். இந்தக் குறிப்பை எடுத்துவிடச் சொன்னாள். எடுக்கவில்லை.)

3

மெலிஸை எப்படி எழுதுவது? அவள் கணவனின் அண்ணன். வில்லனாக்கினால் எனக்கு வசதி. ஆனால் ரஷ்யாவில் வேலை பார்க்கும் தம்பியின் வீட்டுக்கு வருடா வருடம் கரி இறக்கிக் கொடுத்தவரும் அவர்தானே.

அன்று பாக்திகுலின் கடைக்குட்டி தெமிர் நடக்கத் தொடங்கியதற்கான விழா. காலில் கட்டிய கயிற்றை வெட்டியதும் பிள்ளை வெறுங்காலோடு தரையில் நடக்க வேண்டும். "ஒரு துண்டு கரி இல்லாம வீட்டச் சூடாக்கிக் காட்டுறேன்" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பாய்லர் காலையிலிருந்து முழு வேகத்தில் ஓடியும் ரேடியேட்டர்கள் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. விருந்தாளிகள் சால்வையை எடுக்காமலே, எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியைத் தின்றார்கள்.

மெலிஸ் தோளில் கரி மூட்டையோடு வந்தார்.

"என்னம்மா, உன் கரண்டுக்கே குளிருதா?"

"மூட்டைய வெளிய வைங்க அத்தான். இந்த வீட்டுக்குள்ள இனி கரி வராது."

"பிள்ளை விறைக்குதும்மா!"

மூட்டையை வாசலில் போட்டுவிட்டு நேரே அடுப்புக்குப் போனவர், அதன் மேல் கை வைத்தார். சட்டென்று எடுத்தார். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தார்.

"அடேயப்பா! அடுப்பு சுடுது! கமுக்கமா கரியப் போட்டுட்டு எங்ககிட்ட கதை விடுறியா?"

பாக்திகுல் அடுப்புக் கதவைத் திறந்தாள். உள்ளே சாம்பல்கூட இல்லை. கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி சுத்தம்.

"அப்ப எப்படிச் சுடுது?"

அவள் கண் கம்பி கட்டிய வால்வுக்குப் போனதை நான் பார்த்தேன். அந்த நொடியில் அவளுக்குப் புரிந்துவிட்டது. பாய்லரின் வெந்நீர் அடுப்புக்குள் சுற்றிச் சுற்றி, சூடெல்லாம் புகைபோக்கி வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. சொன்னால் அவள் பிழை தெருவுக்கே தெரியும். வாயை மூடிக்கொண்டால் ஏமாற்றுக்காரி என்ற பெயர் நிற்கும்.

4

முடிவு அ (அவள் கேட்டது): "தானா சரியாயிடுச்சு, எல்லாரும் கைதட்டுனாங்கன்னு போடு." போடவில்லை.

முடிவு ஆ: மெலிஸ் கரியைப் பற்றவைக்க, பாக்திகுல் கண்ணீரோடு—

அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. அந்த வரியை அடித்துவிட்டேன்.

நடந்தது இது. குறடு எடுத்துக் கம்பியை அறுத்தாள். வால்வை மூடினாள். யாரும் நெருப்புப் போட்டுவிடாதபடி அடுப்புக் கதவுக்குப் பூட்டுப் போட்டாள். நிமிர்ந்து நின்றாள்.

"வால்வ மூடாம விட்டது நான்தான். கரி போட்டுப் பழகுன கை, மூட வரல. தப்பு என்னோடது. இன்னும் ஒரு மணி நேரத்துல வரப்போற சூடும் என்னோடது. உக்காருங்க."

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தெமிர் வெறுங்காலோடு நடந்தான். எனக்கு அவளைவிடப் பெருமையாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

மெலிஸ் ஏதோ சொன்னார். என் நோட்டில் இருக்கிறது. ஆனால் என் கதையில் கடைசிப் பேச்சு பாக்திகுல் பேசியதுதான். அவருடைய பதில் வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், கீழே இடம் விட்டிருக்கிறேன். நீளமாக எழுதிவிடாதீர்கள். மூட்டையைத் திரும்பத் தோளில் ஏற்றிக்கொண்டே அவர் பேசியாக வேண்டும்.

மெலிஸ்: ". . . . . . . . . . . . . . . . ."